வெள்ளிக்கிழமைச் சத்தம்

பழைய இரும்புக்கடை விநாயகமூர்த்தி நீட்டிய, எஞ்சினுக்குப் பெற்றோல் ஊட்டுகிற காபரேற்றரை மணந்து பார்த்த குலசிங்கத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு பல்லிக் குடும்பமே செத்துக் கிடந்தது.

"தூ! இந்த நாத்தத்தை ஆர் வாங்குவான்?"

"மலிஞ்ச சாமான் மணக்காமல் இருக்குமே அண்ணை? வாசமானது வேணுமெண்டால் கொழும்புக்குப் போங்கோ."

வாங்கித்தான் ஆகவேண்டும்; எஞ்சினில் இருந்தது பழுதாகிவிட்டது, இன்றைக்கு வெள்ளி. கனடாவிலிருக்கும் அத்தான், தான் விட்டுப்போன காரின் எஞ்சின் சத்தத்தை வெள்ளிக்கு வெள்ளி போனில் கேட்பார். ஒரு வெள்ளி கேட்காவிட்டாலும், குலசிங்கம் குடியிருக்கிற அவருடைய வீடும் தோட்டமும் வேறு ஆளின் கைக்குப் போய்விடும்.

வேலணை பஸ்ஸில், காபரேற்றரோடு இருந்த குலசிங்கத்துக்குப் பக்கத்துச் சீற் கடைசிவரை காலியாகவே வந்தது.

வீட்டில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பல்லிகளை ஈர்க்கால் தோண்டி எடுத்தார். அடைப்புப் போகவில்லை. துணியை இறக்கி, வாய் வைத்து உறிஞ்சினார். ஒரு வால் வந்தது. ஓங்காளித்துத் துப்பிவிட்டு, காபரேற்றரைப் பூட்டினார்.

எஞ்சின் ஒரே இழுவையில் பிடித்தது. போனைக் கிட்டப் பிடித்தார்.

"கேக்குதே அத்தான்?"

"ஓம் மச்சான், சோக்கான சத்தம்! அப்ப அந்தக் காரிலேயே வெளிக்கிட்டு வா. சொல்லாமல் வந்தனான், பலாலி எயார்போட்டிலை இறங்கி நிக்கிறன்."

குலசிங்கம் எஞ்சினைப் பார்த்தார். காரிலிருந்து கழற்றியதிலிருந்து மூன்று வருசமாகக் கிணற்றடியிலேயே இருக்கிற அது, புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

கொட்டிலில் நின்ற காரின் முன்மூடிக்குள், முழங்கால் உயர எச்சத்தின் மேல், பதினொரு கோழிகள் அடைகிடந்தன.