எஞ்சினியரின் முதுகு வளைவு

"எவம்லே என் முதுகுல கை வச்சது?"

ஐயம்பெருமாள் போட்ட சத்தத்தில் வண்ணார்பேட்டைத் தெருவில் போன ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கியே விட்டார். ஆனால் ஐயம்பெருமாளின் முதுகுப் பக்கம் ஆள் யாரும் இல்லை. வாசலில் நின்ற தன் புதுக் காரின் டிரைவர் சீட்டில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சீட்டின் பக்கவாட்டில் ஒரு குமிழ் உண்டு. திருகினால் இடுப்புக்குப் பின்னால் சாய்மானம் மெல்லப் புடைத்து வந்து தாங்கும். எதிர்ப்பக்கம் திருகினால் உள்வாங்கிக்கொள்ளும். லம்பார் சப்போர்ட் என்று பெயர். கம்பெனிக்காரன் அதை டிரைவர் சீட்டுக்கு மட்டும்தான் வைத்திருந்தான்.

ஐயம்பெருமாள் பொதுப்பணித் துறையில் பெரிய எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி ஓடும்போது பின் சீட்டில் இருப்பதுதான் அவர் தகுதிக்கு அழகு. தவிர, அவருக்கு வண்டி ஓட்டவும் தெரியாது. ஆகவே தினமும் சாயங்காலம், நிற்கிற வண்டியில் டிரைவர் சீட்டில் ஏறி, குமிழைத் தன் அளவுக்குத் திருகிக்கொண்டு பேப்பர் படிப்பார். போகிறவர் வருகிறவரை நிறுத்தி விளக்கமும் சொல்வார்.

"முதுகெலும்புங்கது ஒரு அணைக்கட்டு வே. அடியில தாங்கல் இல்லன்னா உடைப்பெடுத்துரும்."

இந்தப் பிரசங்கத்தின் மகிமையோ என்னவோ, எந்நேரமும் தைலப் புட்டியும் கையுமாக இருந்த அவர் மனைவி கோமுகூட இப்போதெல்லாம் முதுகுவலி என்று முனகுவதில்லை. காலையில் டிரைவர் இசக்கியப்பனுடன் காரில் நெல்லையப்பர் கோவிலுக்குப் போய்விட்டு, சிரித்த முகமாகத் திரும்புகிறாள்.

கொஞ்ச நாளாகத்தான் இந்த அக்கிரமம். அவருடைய அளவை யாரோ மாற்றி வைக்கிறார்கள். நேற்று ஒரு பொறி வைத்தார். குமிழின் மேல் விபூதியைக் குழைத்துப் பட்டையாகப் பூசினார். இன்றைக்குப் பார்த்தால் பட்டையும் இல்லை, அளவும் இல்லை.

"இசக்கியப்பா! இங்கன வாலே!"

இசக்கியப்பன் ஓடி வந்தான்.

"குமிழைத் திருகுனது நீதானே?"

"நான் அதைத் தொடுததே இல்லைய்யா. எவனோ பின்னால இருந்து முட்டுத மாதிரி கூச்சமா வருது."

"பொய் சொல்லாதலே! ஆதாரம் உன் நெத்தியிலயே இருக்கு. குமிழ்ல இருந்த விபூதி எங்கன போயிருக்குன்னு கண்ணாடியில பாரு!"

இசக்கியப்பன் நெற்றியைத் தடவிப் பார்த்தான். "ஐயா நெத்தியிலயும் இருக்குல்லா?" என்றான் பைய.

அந்தக் கேள்விதான் அவன் வேலைக்கு உலை வைத்தது.

"சாவியை வச்சிட்டு நடையைக் கட்டு!"

"ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன்யா. திடீர்னு எங்க போவேன்?"

"அப்ப யாரு திருகுனான்னு சொல்லு."

இசக்கியப்பன் வாயைத் திறந்தான். பிறகு என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டு சாவியை பானட்டின் மேல் வைத்தான்.

வெற்றிப் பெருமிதத்தோடு சாய்ந்த பிறகுதான் ஐயம்பெருமாளுக்கு உறைத்தது. இன்று முக்கூடலில் ஒரு கல்யாண வரவேற்பு. அதற்குத்தான் பட்டு வேட்டி கட்டி, கோமுவுக்காகக் காத்திருக்கிறார். வாழ்த்துரைக்குத் தலைமையே அவர்தான். பஸ்ஸில் கசங்கிப் போய் இறங்கினால் தலைமை என்னத்துக்கு ஆகும்? இவனைத் திரும்பக் கூப்பிட்டால் மரியாதை என்னத்துக்கு ஆகும்?

பட்டுச்சேலை சரசரக்க கோமு வந்தாள். பானட்டில் கிடந்த சாவியை எடுத்தாள்.

"அவன்ட்ட குடுக்காதே கோமு! அவன் என் தாங்கலைக் கெடுத்த பய. வேலையை விட்டு எடுத்தாச்சு."

"சாவியைக் குடுக்கல. ஆனா வேலையில இருந்தும் எடுக்கப்படாது." கோமு திரும்பினாள். "இசக்கியப்பா, நீ இடது பக்கமா ஏறு. பேட்டை தாண்டுனதும் லாரி வரும், கூடவே சொல்லிக்கிட்டு வரணும்லா."

டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்தால் வண்டியை யார் ஓட்டுவது? அணைக்கட்டுக்கே கணக்குப் போட்ட மூளைக்கு இந்தக் கணக்கு இடித்தது.

கோமு அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லைசென்சு வந்து ஒரு மாசமாச்சு. எறங்குங்க, அது என் சீட்டு."