கோட்டுக்குக் கீழே

அணையின் ஷட்டர்கள் துருப்பிடித்து எழ மறுத்த மாலையில், பொறியாளர் ஞானதுரை ஒரு வரைபடத்தைப் பென்சிலால் தீட்டிக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஸ்டெல்லா அஞ்சல்வழியில் கணிதம் படிப்பவள். "இந்த வரையறுத்த தொகையிடல் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குதுங்க" என்றாள்.

"இந்தக் கோடு மணிக்கு எவ்வளவு தண்ணி வருதுன்னு காட்டுது. இப்ப இருந்து விடியற வரைக்கும் கோட்டுக்குக் கீழ இருக்கற பரப்புதான் வரப்போற மொத்தத் தண்ணி."

"இவ்வளவுதானா!" அவள் முகம் மலர்ந்தது. "ஓரத்துல இந்தச் சின்னக் கட்டம்?"

"அணையில மிச்சமிருக்கற இடம்."

இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். "அம்மா வீடு அணைக்குக் கீழதானேங்க. போன் போட்டீங்களா?"

"டவர் இல்ல."

பென்சில் தாளின் விளிம்பைத் தாண்டி, மேசைமேலும் தீட்டிக்கொண்டே போனது.