அடியில் தங்கிய மருந்து

காய்ச்சல் மருந்து பாட்டிலின் அடியில் மருந்துத்தூள் படிந்து கிடந்தது. மேலே நின்றதெல்லாம் இனிப்புத் தண்ணீர்தான். அதைத்தான் அம்மா வேளை தவறாமல் குழந்தைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, குலுக்கச் சொல்லுங்களேன்! பிள்ளை துவண்டு போகுது, நான் இங்கே சும்மா கிடக்கேன்" என்று தூள் லேபிளிடம் கத்தியது.

"குலுக்கணும்னு என் மேலே எழுதித்தானே இருக்கு?"

"இங்கிலீஷில, எறும்பு சைஸில! அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு நான் என்ன பண்றது தங்கச்சி? எழுதியாச்சு, என் வேலை முடிஞ்சது."

தண்ணீர் தீர்ந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. கண் செருகிய குழந்தையை அள்ளிக்கொண்டு அம்மா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பாட்டில் குப்பைக்குப் போனது. அடியில் தூள் கொஞ்சமும் குறையாமல் இறுகிக் கிடந்து அழுதது.

"பார்த்தியா, என் மேலே ஒரு எழுத்துகூட அழியலை" என்றது லேபிள்.