நிற்காமல் ஓடிய கர்சர்

கணினித் திரையில் கடிதம் எழுதிக்கொண்டு ஓடிய கர்சருக்கு ஓர் எழுத்து பிசகிவிட்டது. எழுதியதைத் திரும்ப எடுக்கும் அன்டூவைக் கூப்பிட்டது. வந்த அன்டூ பத்தியையே வாரிக்கொண்டு போய்விட்டது. காலை முழுக்க ஓடி ஓடி எழுதிய பத்தி.

“ஏம்பா, ஓர் எழுத்தை எடுக்கச் சொன்னா வீட்டையே காலி பண்ணிட்டியே” என்றது கர்சர்.

“நீ கடைசியா நின்ன இடத்துக்குத்தான் என்னால உன்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போக முடியும். நடுவுல எங்கயாச்சும் நின்னியா?”

கர்சர் யோசித்துப் பார்த்தது. ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்ற இடத்தில் நின்றதோடு சரி.

“மூச்சு விடக்கூட நிக்கலையே நீ” என்று சிரித்துக்கொண்டே அன்டூ பத்தியைக் கொண்டுவந்து பழையபடி வைத்தது.

பிசகிய எழுத்தைத் திருத்திவிட்டு, கர்சர் அடுத்த வரியை எழுதியது. வரி முடிந்ததும் நின்று கண் சிமிட்டியது. நின்று பார்த்தால், வரி நன்றாகத்தான் வந்திருந்தது. இன்னும் இரண்டு முறை சிமிட்டியது.