கதவோரத்து மஞ்சள் ஸ்டிக்கர்

"இந்த வண்டியில அந்த ட்ரெய்லரா? மாப்ள, உனக்கு மூளை கீளை குழம்பிப் போச்சா?"

அமரில்லோ நகரத்து ட்ரெய்லர் கடையில் நின்றுகொண்டு டெல்பர்ட் போட்ட சத்தத்தில், இரண்டு வரிசை தள்ளி நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாப்ள என்றது வென்டலை, தங்கை ஜூனியின் கணவரை. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாது.

ஜூனிக்குப் பிடித்துப் போனது ஒரு முப்பதடி ஃபிஃப்த் வீல் வீட்டு ட்ரெய்லர். பிக்கப்பின் பின்தொட்டிக்குள் மூக்கை வைத்து உட்காருகிற ரகம். பின்பக்கம் அகலமான ஜன்னல், அதன் கீழே தையல் மெஷின் வைக்க நீளமான மேஜை. வீட்டை விற்றாகிவிட்டது. இந்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டால், கொலராடோவில் மகள் ஊர்ப் பக்கம் ட்ரெய்லர்தான் வீடு.

"அண்ணே, எனக்கு அந்த மேஜை வேணும்ணே."

"மேஜை வேணும்னா மரக்கடைக்குப் போ. உன் புருஷன் வண்டிக்கு அதோ, அந்தப் பதினெட்டடி போதும்."

பதினெட்டடியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால், ஒருவர் கட்டிலில் ஏறித்தான் மற்றவருக்கு வழிவிட வேண்டும். மெஷினுக்கு எங்கே இடம்?

டெல்பர்ட்டிடம் எதிர்த்துப் பேச முடியாது. ட்ரெய்லர்க்காரர்கள் சங்கத் தலைவர். தொப்பியிலேயே சங்கத்தின் வாசகம்: 'எடை பார்த்து ஏற்று.' எட்டு வருடமாக நாற்பத்திரண்டு அடி ட்ரெய்லர் இழுக்கிறவர். முதல் ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்து நிற்பார்.

வென்டலின் பிக்கப் சாலைத் துறை ஏலத்தில் எடுத்தது. வெள்ளை நிறம். கதவில் துறையின் எழுத்தைச் சுரண்டிய தடம் இன்னும் இருந்தது. உள்ளே ரெக்சின் சீட்டு, கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி.

"கண்ணாடிய இறக்கவே கை வலிக்கும். இதுல மலை ஏறப் போறாராம்!"

விற்பனையாள் கோல் மரியாதைக்குச் சிரித்தான். தலைவர் வருடத்துக்குப் பத்துப் பேரைக் கூட்டிவருகிறவர், சிரிக்காமல் முடியுமா?

"இழுக்குறது பெரிய விஷயமில்ல மாப்ள. இழுத்துரும். ட்ரெய்லர் மூக்கு உன் வண்டி முதுகுல உக்காருதே, அதைத் தாங்கணும். எவ்வளவு தாங்கும்னு கதவோரத்துல மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பாக்காம ஏத்துறவன் கொலைகாரன். போன மாசம் ஒருத்தனை சங்கத்த விட்டே தூக்கினேன்."

"சரி மச்சான்" என்றார் வென்டல். ஜூனி தலையைக் குனிந்துகொண்டாள். கோல் பதினெட்டடியில் மாட்டுவதற்கு 'விற்றாயிற்று' பலகையை எடுத்து வந்தான்.

டெல்பர்ட்டுக்கு அதோடு விட மனமில்லை.

"போய்ப் படிச்சுக் காட்டு மாப்ள. சத்தமாப் படி. எல்லாரும் கேட்கட்டும்."

வென்டல் கதவைத் திறந்து குனிந்தார்.

"மூவாயிரத்து நூத்தி எண்பது பவுண்டு."

"கண்ணாடியப் போட்டுப் படிய்யா!"

கோல் போய்ப் பார்த்தான். "சரிதான் சார். மூவாயிரத்து நூத்தி எண்பது." செல்போனை எடுத்துக் கூட்டிப் பார்த்தான். "முப்பதடியில சாமான் ஏத்தினா மூக்கு எடை ரெண்டாயிரத்து நானூறு. கொக்கி நூத்தம்பது. நீங்க ரெண்டு பேரு... தாராளமாத் தாங்குது சார்."

"அதெப்படி? இந்த ஓட்டை வண்டியா?"

"மொட்டை வண்டிதான் சார் நிறையத் தாங்கும். தோல் சீட்டு, மேல்கூரை ஜன்னல், பெரிய டீசல் இன்ஜின், இதெல்லாம் போட்டா அதுங்களே பாதி எடையத் தின்னுரும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பக்கத்தில் டெல்பர்ட்டின் பிக்கப் பளபளவென்று நின்றது. தோல் சீட்டு. மேல்கூரை ஜன்னல். பெரிய டீசல் இன்ஜின்.

"உங்க வண்டி எவ்வளவு தாங்கும் மச்சான்?" வென்டல் கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

"என் வண்டிக்கு ஸ்டிக்கர் பாக்கணுமா? பாத்தாலே தெரியல?"

ஜூனி அதற்குள் அண்ணன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். மஞ்சள் ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில், அதே அளவுக்குக் கச்சிதமாக வெட்டி, சங்கத்தின் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தது. 'எடை பார்த்து ஏற்று.'

"ஏய் ஜூனி, அதை ஏன் நோண்டுற? விடு!"

அவள் விடவில்லை. தையல்காரி நகம். ஒரு மூலையைக் கிளப்பி, நிதானமாக உரித்தாள். பிறகு அடியில் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரை, அண்ணன் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது."

எட்டு வருடமாக அதன்மேல் உட்கார்ந்திருந்த மூக்கின் எடை மூவாயிரம் என்பது சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவரே பெருமையாகச் சொன்னதுதான்.

கோல் கையில் பலகையோடு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான்.

"முப்பதடியில மாட்டுப்பா, அது எங்களுது" என்ற ஜூனி, உரித்த ஸ்டிக்கரை அண்ணன் உள்ளங்கையில் ஒட்டினாள். "அந்தப் பதினெட்டடிய யாருக்கும் குடுத்துராத. எங்க அண்ணன் வண்டிக்கு அது போதும்."