அ, ஆ, இ, ஈ

என் தங்கை கிளாரிசாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மராத்தி பேசும் தாபோடியில் பிறந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வுக்கு அவளைத் தயார்செய்தது என் மனைவி ஜெபசீலி. பாளையங்கோட்டையில் தமிழில் படித்த ஜெபசீலி, ரஃப் தாளில் விடைகளை ஏ, பி, சி, டி என்று குறிக்கமாட்டாள். அ, ஆ, இ, ஈ என்றுதான் குறிப்பாள். பிப்ரவரியில் இறந்துபோனாள்.

மார்ச்சில் கிளாரிசா எழுதிய ஒரு மாதிரித் தேர்வின் ரஃப் தாளில் அந்த எழுத்துகளைப் பார்த்தேன். ஈ-யின் புள்ளிகள்கூட ஜெபசீலி போடுவதுபோல் குட்டி வட்டங்கள்.

“என்ன கிறுக்கல் இது?”

“தெரியலண்ணா. யோசிக்கும்போது கை அப்படியே போடுது.”

விடைகளோடு ஒப்பிட்டேன். கிளாரிசா டிக் செய்ததில் பாதி தவறு. எழுத்துகள் எல்லாமே சரி. இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் அப்பா அவளைக் கசார்வாடிப் பட்டறையில் வேலைக்குச் சேர்த்துவிடுவார். அன்றே நான்கு எழுத்துகளையும் சொல்லிக்கொடுத்தேன்.

தேர்வன்று மூன்று மணி நேரமும் கேட்டுக்கு வெளியே நடந்துகொண்டே இருந்தேன். கிளாரிசா சிரித்தபடி வந்தாள்.

“சீட் பக்கா அண்ணா. லாஸ்ட் கேள்விக்கு மட்டும் நீ சொல்லித்தராதது வந்துச்சு. அப்படியே பார்த்து கையில வரைஞ்சுட்டேன்.”

உள்ளங்கையை நீட்டினாள். ‘வாரேன்’ என்று இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஜெபசீலி அப்படித்தான் சொல்வாள். வீட்டுக்குத் திரும்பும்போது ஃபோனிலும் அதையேதான் சொல்வாள்.

“என்னண்ணா அது?”

“ஒண்ணுமில்ல. ஏறு.”

பைக்கில் ஏறிய கிளாரிசா, பின்னால் இன்னொருவர் உட்கார இடம் விட்டு, என்னை நெருக்கி முன்னால் நகர்ந்துகொண்டாள்.