பதினோராவது மாமா

"இந்த வாரத்துல நீங்க பதினோராவது மாமா" என்றாள் வருகைப் பதிவேட்டோடு நின்ற யுதெல்கா.

பவாரோ கடற்கரை விடுதியின் வாயிலில் அந்தப் பெரியவர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் முதுகில் ஒரு பெட்டியுமாக நின்றார். ஐந்து மணிக்கு உள்ளே மணலில் கல்யாணம். மணி நாலே முக்கால். மணப்பெண்ணின் தாயோடு பிறந்தவன் நான் என்றார்.

யுதெல்கா நம்புகிற மாதிரி தெரியவில்லை. வெளியிலிருந்து யார் வந்து வாசித்தாலும், படம் எடுத்தாலும், தலை பின்னிவிட்டாலும் விடுதிக்கு நானூறு டாலர் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்கிற எழுத்தில் அது இருக்கும். அதனால் அந்த ஊர்த் தொழிலாளிகள் எல்லோருமே மணப்பெண்ணுக்கு மாமாவாகவோ அத்தையாகவோதான் வாயிலுக்கு வருவார்கள்.

பெட்டியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே அக்கார்டியன் என்கிற துருத்தி வாத்தியம்.

"மாமா இதையெல்லாம் தூக்கிட்டா கல்யாணத்துக்கு வருவாரு?"

"எங்க வீட்ல சாவுக்கே தூக்கிட்டுப் போவோம்மா."

வரிசையில் நின்ற விருந்தாளிகள் சிரித்தார்கள். பின்னால் கைகட்டி நின்ற மேலாளர் பொலாங்கோ சிரிக்கவில்லை. யுதெல்கா அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். கட்டணம் வாங்காமல் ஒருத்தரை விட்டாள் என்று தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும்.

குரலை உயர்த்திக் கட்டணப் பட்டியலைப் படித்தாள். வெளியாள் கட்டணம் நானூறு. மின்சாரம் நாற்பது. மணலில் நிற்க இருபத்தைந்து.

பெரியவர் கொதித்துப் போனார்.

"இதுல எங்கம்மா கரண்ட் இருக்கு? இந்த மணல்ல நண்டு புடிச்சு வளர்ந்தவன் நான். அப்ப இந்த கேட்டும் இல்ல, நீங்களும் இல்ல. நாற்காலிக்குத் தனி, நாற்காலி உறைக்குத் தனின்னு கல்யாணப் பொண்ணுகிட்ட கறந்தாச்சு. இனி நாங்க மூச்சு விடறதுக்கும் ரசீது போடுவீங்களா?"

"பணம் இல்லேன்னா வெளியிலயே நில்லுங்க. பாட்டுச் சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும்" என்றாள் யுதெல்கா.

கூட்டம் முணுமுணுத்தது. இரண்டு பேர் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். பொலாங்கோ வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, அவள் கையிலிருந்த பட்டியலைப் பிடுங்கிக் கிழித்தார்.

"உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா? உன்னைப் பெத்தவரா இருந்தா இப்படி வாசல்ல நிக்க வெப்பியா?"

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். மாமா என்றே பதிவு செய், ஒரு பைசா வாங்காதே என்று அவளுக்கு உத்தரவு போட்டுவிட்டு, செல்போன்களைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே போனார்.

யுதெல்கா தலையைக் குனிந்தபடி, விருந்தாளிகளுக்கான பச்சைப் பட்டையைப் பெரியவரின் மணிக்கட்டில் கட்டினாள்.

"வாசிச்சு முடிச்சதும் சமையல்கட்டு வாசல் வழியா வந்துடு, அப்பா" என்றாள், உதடு அசையாமல். "அம்மா சாப்பிடாம காத்துக்கிட்டு இருப்பா."